துணி டயப்பர்: பையன் எழுந்து நடந்துவிட்டான், எலாஸ்டிக்தான் படுத்துவிட்டது

மூத்தவளுக்கு வாங்கிய பாக்கெட் டயப்பர்கள்தான் (வெளித்துணியின் பைக்குள் உறிஞ்சும் பேடைச் செருகும் துணி டயப்பர்) இப்போது சின்னவனுக்கும் ஓடுகின்றன. கால் பக்கத்து எலாஸ்டிக் தளர்ந்து, இழுத்தால் இழுத்தபடியே நிற்கும் நிலைக்கு வந்துவிட்டதால், தையலைப் பிரித்து எல்லாவற்றுக்கும் புதிது போட்டேன். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் ஒரு தோழி கேட்டாள்: "இவ்வளவு தடிமனா இருக்கே, கால் வளைஞ்சு போயிடாதா? நடக்கறது தள்ளிப் போகாதா?" எப்படித் துவைப்பது, எத்தனை வாங்குவது என்பதையெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இந்தக் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

கால் வளையும் என்ற பயம் வேண்டாம். பிறந்த குழந்தையின் கால்கள் வெளிப்பக்கம் வளைந்துதான் இருக்கும். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்ததன் மிச்சம் அது. இரண்டு வயதை ஒட்டி நேராகும். மூன்று, நான்கு வயதில் நேர்மாறாக முழங்கால்கள் ஒன்றையொன்று முட்டுவதுபோல் தெரியும். ஏழு வயது வாக்கில் பெரும்பாலும் சரியாகிவிடும். எந்த டயப்பர் போட்டாலும், போடாவிட்டாலும் இதே வரிசைதான். ஒரு காலில் மட்டும் வளைவு இருந்தாலோ, இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். டயப்பரைத் திட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

விற்பவர்கள் சொல்வது வேறு: "தொடைகள் அகன்று இருப்பதால் இடுப்பு மூட்டு நன்றாக வளரும்." இது பாதி உண்மை. கைக்குழந்தையின் இடுப்புக் குழி பெரும்பாலும் குருத்தெலும்புதான். தொடைகள் மடங்கி விரிந்திருக்கும்போது தொடை எலும்பின் தலை அந்தக் குழிக்குள் நன்றாகப் பொருந்தி உட்காரும். இரண்டு கால்களையும் நீட்டி ஒன்றாக இறுக்கிச் சுற்றினால் விலகும் அபாயம் உண்டு. மூட்டு விலகிய குழந்தைகளுக்குப் போடும் பாவ்லிக் வார்ப்பட்டையும் தொடையை மடக்கி விரித்துத்தான் வைக்கிறது. ஆனால் தடித்த டயப்பர் அந்த வார்ப்பட்டையின் வேலையைச் செய்யாது. இரட்டை டயப்பர் கட்டி மூட்டைச் சரிசெய்யலாம் என்ற பழைய யோசனைக்கும் இன்று மருத்துவத்தில் மதிப்பில்லை. இடுப்புக்குக் கெடுதல் இல்லை என்பதோடு விளம்பரத்தை நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

என் சண்டை கால்களுக்கு நடுவே உப்பி நிற்கும் அந்தத் துணிப் பொதியோடுதான். மல்லாந்து கிடக்கிற வயதில் அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. குப்புற விழ ஆரம்பித்ததும் பின்பக்கம் மேடாகி, பையன் பாதியில் சிக்கிக்கொண்டு கத்துவான். தவழும்போது முட்டிகள் நெருங்கி வராமல் தவளைபோல் அகட்டிக்கொண்டு போவான். நடை வந்தபோதுதான் உச்சம். உடம்பை ஆட்டி ஆட்டி, காலைத் தூக்கி வெளியே வைத்து ஒரு நடை. கழற்றிவிட்டால் அடுத்த நிமிடமே பாதங்கள் நெருங்கி வந்துவிடும்.

இது என் பிரமை இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 13 மாதம், 19 மாதம் ஆன 60 குழந்தைகளை மூன்று விதமாக நடக்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது: ஒன்றுமே இல்லாமல், மெல்லிய டிஸ்போசபிளோடு, பழைய மாதிரித் தடித்த துணியோடு. ஒன்றுமே இல்லாதபோதுதான் நடை பக்குவமாக இருந்தது. டயப்பர் போட்டதும் புதிதாக நடப்பவர்கள் அதிகம் தடுமாறினார்கள், விழுந்தார்கள். கவனியுங்கள், மெல்லிய டிஸ்போசபிளும் தப்பவில்லை. அதனால் துணியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. இதெல்லாம் போட்டிருக்கும் நேரத்து நடையைப் பற்றித்தான். நடப்பதே தள்ளிப்போகும் என்று இதை வைத்து யாரும் பயமுறுத்த முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் தனியாக நடக்கும் வயது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டியும் விரிகிறது. என் இரண்டு பிள்ளைகளும் அதற்குள்தான் நடந்தார்கள்.

உண்மையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது இன்னொன்று: "பிறந்ததிலிருந்து கழிப்பறைப் பயிற்சி வரை ஒரே அளவு" என்ற வாக்கு. முன்பக்கத்து டிச் பட்டன்களைத் திறந்தால் டயப்பர் நீளமாகும், சரி. ஆனால் குழந்தை நீளத்தில் மட்டுமா வளர்கிறது? ஐந்தாறு மாதத்தில் மடிப்பு மடிப்பாகக் கொழுத்திருந்த தொடை, தவழ்ந்து எழுந்து ஓட ஆரம்பித்ததும் இளைத்துவிட்டது. எடை கூடியிருந்தது, தொடை மெலிந்திருந்தது. இடுப்பில் சரியாக மூடினால் தொடையில் இடைவெளி. தொடையில் இறுக்கினால் வயிற்றில் சிவந்த தடம். அந்த இடைவெளி வழியாகத்தான் ஒழுகல். போதாததற்கு உள்ளே மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழைப் பேட். நிறைய உறிஞ்சும், ஆனால் குழந்தை பொத்தென்று உட்கார்ந்ததும் பிழிந்ததுபோல் விட்டுவிடும். பகலுக்கு ஒற்றை மூங்கில் பேட் மட்டும் போட்டு, அதை முன்பக்கம் மடித்து வைத்த பிறகுதான் பொதியும் குறைந்தது, ஒழுகலும் அடங்கியது. அதற்கு விலை, ஈரம் சேர்வதற்குள் அடிக்கடி மாற்றுவது.

அந்த விலையில்தான் எதிர்பாராத லாபம். ஈரம் என்றால் கழற்ற வேண்டும், உடனே அடுத்ததை மாட்டிவிட மனசு வராது. கொஞ்ச நேரம் சும்மா விடுவேன். சின்னவன் சுவரைப் பிடிக்காமல் முதன்முதலில் நின்றது அப்படி ஒரு இடைவேளையில்தான். டிஸ்போசபிளின் பெருமையே மணிக்கணக்கில் மாற்ற வேண்டாம் என்பது. அதில் இந்த இடைவேளை எனக்குக் கிடைத்ததில்லை.

அதனால் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேனா? இல்லை. தவழாத குழந்தை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், இரவுக்கும் நல்லது. தூங்குகிறவனுக்குப் பொதி ஒரு பொருட்டில்லை. பகலெல்லாம் ஓடுகிற குழந்தைக்குப் புதிதாக முழு செட் வாங்காதீர்கள், "ஒரே அளவு" என்று அச்சடித்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நான் மட்டும் நேற்று இன்னும் இரண்டு கவர் ஆர்டர் போட்டிருக்கிறேன். தொடை எலாஸ்டிக் இரட்டை வரிசையாம், பார்க்கலாம்.