‘ஷீல்டு செய்தது’ என்று விற்கும் மலிவு நியர்-ஃபீல்டு புரோப்: உஷார்

சர்க்யூட் போர்டில் மின்காந்த இரைச்சல் (இஎம்ஐ) எங்கிருந்து கிளம்புகிறது என்று கிட்டே வைத்துத் தேடும் கருவிதான் நியர்-ஃபீல்டு புரோப். மூன்று லூப் (காந்தப்புலத்தை எடுக்கும் கம்பி வளையம்), ஒரு மின்புல புரோப், ஒரு பிரீஆம்ப் (சிக்னல் பெருக்கி), ஒரு கேபிள் அடங்கிய மலிவு இஎம்ஐ செட் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது. ‘ஷீல்டு செய்த காந்தப்புல லூப், 9 கிலோஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை, கேலிபரேஷன் தாளுடன்’ என்று விளம்பரத்தில் இருந்தது. மூன்றும் பொய். ஹீட் ஷ்ரிங்கை (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையை) கீறிப் பார்த்தால் உள்ளே வெறும் எனாமல் கம்பி வளையம்தான். கேலிபரேஷன் தாளில் சீரியல் நம்பர் கிடையாது. அளவு வேறான மூன்று லூப்புக்கும் ஒரே வரைபடம். திருப்பிக் கொடுக்கப் போனால், ‘உறையைக் கிழித்துவிட்டீர்கள்’ என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். அதனால் முதலில் ஒன்று: ஹீட் ஷ்ரிங்கில் கத்தி வைக்காதீர்கள். வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

9 கிலோஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் என்ற வரியைப் பார்த்தாலே சந்தேகம் வரவேண்டும். சின்ன லூப்பில் தூண்டப்படும் வோல்டேஜ் அதிர்வெண்ணுக்கும் லூப்பின் பரப்புக்கும் நேர்விகிதம். 10 மிமீ விட்டமுள்ள ஒற்றைச் சுற்று லூப்பின் இண்டக்டன்ஸ் சுமார் 15 நானோஹென்றி. அளக்கும் கருவியான அனலைசரின் 50 ஓம் இன்புட்டோடு சேர்த்தால் ஏறத்தாழ 500 மெகாஹெர்ட்ஸ் வரை அதன் அவுட்புட் பத்து மடங்கு அதிர்வெண்ணுக்கு 20 டெசிபல் வீதம் ஏறிக்கொண்டே போகும். அதாவது 10 மெகாஹெர்ட்ஸில் கிடைப்பதைவிட 100 கிலோஹெர்ட்ஸில் 40 டெசிபல் குறைவாகக் கிடைக்கும். ஸ்விட்சிங் பவர் சப்ளையின் அடிப்படை அதிர்வெண்ணைத் தேடுகிறவருக்கு அந்த லூப் கிட்டத்தட்ட செவிடு. அவருக்குத் தேவை 25 மிமீ லூப் (பரப்பு 6.25 மடங்கு, 16 டெசிபல் கூடுதல்) அல்லது பல சுற்று காயில்.

மேல் எல்லையிலும் இதே கதை. 25 மிமீ லூப்பின் சுற்றளவு 78 மிமீ. 6 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 50 மிமீதான். லூப்பைவிட அலை சிறியதாகிவிட்டால் அந்த ரீடிங்குக்கு என்ன அர்த்தம்? சுற்றளவு அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்த லூப்பை நம்பத்தக்க எல்லை 400 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது. எல்லா அளவுக்கும் ஒரே எல்லையைப் போட்டு விற்பவர் அளந்து பார்த்திருக்கவே மாட்டார்.

ஷீல்டு எதற்கு? லூப் காந்தப்புலத்தை மட்டும் எடுக்கவேண்டும், மின்புலத்தை எடுக்கக் கூடாது. அதற்கு உள்கம்பியைச் சுற்றி ஷீல்டும், அந்த ஷீல்டில் ஓரிடத்தில் சின்ன இடைவெளியும் வேண்டும். இடைவெளி இல்லாமல் ஷீல்டு முழு வளையமாக மூடிவிட்டால் அது ஷார்ட் ஆன சுற்றாகி சிக்னலைத் தின்றுவிடும். சர்க்யூட் போர்டிலேயே (பிசிபி) லூப்பைப் பொறித்த வகையில் ஏமாற்று இன்னும் சுலபம். உண்மையான ஷீல்டு லூப்பில் சிக்னல் டிரேஸ் (செப்புக்கோடு) நடு லேயரில் ஒளிந்திருக்கும். வெளி லேயரிலேயே டிரேஸ் வளையமாகத் தெரிந்தால், பின்பக்கம் கிரவுண்டு இருந்தாலும் அது ஷீல்டு செய்தது ஆகாது.

வந்தவுடன் செய்யவேண்டிய சோதனைக்கு ஒரு நானோவிஎன்ஏ (ஒரு போர்ட்டில் சிக்னல் அனுப்பி, மறு போர்ட்டில் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கையடக்கக் கருவி) போதும். முதல் போர்ட்டை ஒரு மைக்ரோஸ்ட்ரிப் டிரேஸில் (பின்பக்கம் கிரவுண்டு உள்ள செப்புக்கோட்டில்) கொடுத்து, டிரேஸின் மறுமுனையை 50 ஓம் டெர்மினேஷனில் முடியுங்கள். புரோப்பை இரண்டாம் போர்ட்டில் மாட்டி, லூப்பை டிரேஸின் மேல் செங்குத்தாக, அதன் தளம் டிரேஸின் நீளவாக்கில் இருக்கும்படி நிறுத்துங்கள். எஸ்21 (முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவதற்கு வந்து சேரும் அளவு) கோடு மேலே சொன்ன 20 டெசிபல் சரிவில் ஏறவேண்டும். இப்போது புரோப்பை அதன் தண்டை அச்சாக வைத்து 90 பாகை திருப்புங்கள். நல்ல ஷீல்டு லூப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் 20 டெசிபலுக்கு மேல் விழும். மேலும் 90 பாகை திருப்பினால் முதல் அளவுக்கே திரும்ப வரவேண்டும். 0 பாகையிலும் 180 பாகையிலும் சில டெசிபல் வித்தியாசம் வந்தால் லூப் மின்புலத்தையும் சேர்த்து எடுக்கிறது. இந்தச் செட்டின் லூப்பில் 90 பாகையில் விழுந்தது 7 டெசிபல்; எதிர்த்திசையில் 5 டெசிபல் வித்தியாசம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றே விற்பவருக்கு அனுப்பியிருந்தால் பணம் திரும்பியிருக்க வாய்ப்பு உண்டு.

மல்டிமீட்டர் சோதனை ஒரு நிமிட வேலை. லூப் புரோப்பில் நடுப்பின்னுக்கும் வெளி உறைக்கும் இடையே சுழியத்தை ஒட்டி ஓம் காட்டும் (உள்ளே தொடர் ரெசிஸ்டர் வைத்த வகையில் 50 ஓம் வாக்கில்). மின்புல புரோப்பில் ஓப்பனாக இருக்கவேண்டும்.

கேபிளையும் விடாதீர்கள். இதில் வந்தது ஆர்பி-எஸ்எம்ஏ, அதாவது வழக்கமான எஸ்எம்ஏ திருகு கனெக்டரில் பின்னும் துளையும் இடம் மாறிய வகை. திருகினால் எஸ்எம்ஏ ஜாக்கில் அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் நடுவில் பின்னே இல்லாததால் எந்த இணைப்பும் கிடையாது. பிரெய்டு (கேபிளுக்குள் இருக்கும் கம்பி வலை உறை) மெல்லிசாக இருந்தால் கேபிளே ஆன்டெனாவாகிவிடும். கேபிளைக் கையால் தடவும்போது ரீடிங் ஆடினால் அதுதான் காரணம். ஆர்ஜி-316 கேபிளும், புரோப் பக்கம் இரண்டு மூன்று ஃபெரைட் வளையங்களும் போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

பிரீஆம்ப் பற்றியும் சொல்லவேண்டும். உறை இல்லாத போர்டு; அருகிலுள்ள எஃப்எம் ஒலிபரப்பே அதை ஓவர்லோடு செய்யப் போதும். புரோப்புக்கும் பிரீஆம்புக்கும் நடுவே 10 டெசிபல் அட்டென்யுவேட்டரை (சிக்னலைக் குறைக்கும் துண்டை) போடுங்கள். நிஜமான பீக் 10 டெசிபல் இறங்கும். 20, 30 என்று இறங்கும் பீக்குகள் பிரீஆம்ப் தானே உண்டாக்கியவை. அவற்றைத் துரத்திக்கொண்டு போர்டில் கெபாசிட்டர் மாற்றிக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும்.

ஷீல்டு இல்லாத லூப் உபயோகமே இல்லை என்று சொல்லவில்லை. மின்காந்த இரைச்சல் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தேட அதுவும் போதும். அதற்கேற்ற விலையில், உள்ளதைச் சொல்லி விற்றால் சரி. ஆனால் எந்த புரோப்பாக இருந்தாலும், ‘இதில் அளந்தால் லேப் டெஸ்டில் பாஸ்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேபில் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 3 அல்லது 10 மீட்டர் தள்ளி ஆன்டெனாவில் அளக்கிறார்கள். நியர்-ஃபீல்டு ரீடிங்கை அந்த டெஸ்டின் இரைச்சல் வரம்போடு ஒப்பிட வழியே இல்லை. மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்று ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் வைத்து ஒப்பிடத்தான் இது.

கைவேலை தெரிந்தவர்கள் வாங்கவே வேண்டாம். ஒருமுனையில் எஸ்எம்ஏ உள்ள ஆர்ஜி-405 செமிரிஜிட் கேபிள் (செம்புக் குழாயே ஷீல்டாக உள்ளது) துண்டு 15 செமீ எடுங்கள். மறுமுனையை 10 மிமீ வளையமாக வளைத்து, அங்கே உள்கம்பியையும் வெளி ஷீல்டையும் சேர்த்து தண்டின் ஷீல்டில் சால்டர் செய்யுங்கள். வளையத்தின் உச்சியில், சால்டருக்கு நேர் எதிரே, வெளிச் செம்பை மட்டும் 1 மிமீ அகலத்துக்கு அறுத்து எடுங்கள். உள்கம்பியில் கீறல் விழக் கூடாது. பிறகு முழுவதும் இரண்டு அடுக்கு ஹீட் ஷ்ரிங்க். வெளிச் செம்பு அனலைசரின் கிரவுண்டு என்பதால், உறை கிழிந்த புரோப்பை மின்சாரம் ஓடும் பவர் சப்ளை போர்டின் அருகே கொண்டு போகவே கூடாது.