மாந்தோப்பில் ஜெய்ப்பூர் கால்: ஏழெட்டு ஆண்டு அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில், சந்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏழெட்டு ஆண்டுகளாக ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் காலை அணிந்துதான் தோப்பு வேலை பார்க்கிறேன். புதிதாகக் கால் பொருத்தப்போகிறவர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நான் காசு கொடுத்து வாங்கியது வேறு கால். அதன் பாதத்தில் உள்ளே மரக்கட்டை, குதிகாலில் மட்டும் மெத்தை. கணுக்கால் மடங்காது. ஷூவோடு சிமெண்ட் தரையில் நன்றாகவே நடக்கலாம். ஆனால் வாசலில் ஷூவைக் கழற்றிய உடனே குதிகால் உயரம் குறைந்து உடம்பு பின்பக்கம் சாயும். கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போவதையே தவிர்த்தேன். மழை பெய்தால் தோப்புக்குள் இறங்க முடியாது. ஷூவுக்குள் சேறு புகுந்து கால் கனத்துவிடும்.

ஜெய்ப்பூர் கால் பிறந்ததே இப்படிப்பட்ட குறைகளைப் போக்கத்தான். எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968-ல் ஜெய்ப்பூரில் அதை உருவாக்கினார்கள். சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரையும் அதே மரியாதையோடு சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. குதிகாலிலும் முன்பாதத்திலும் பஞ்சு ரப்பர், கணுக்காலில் மரம். மேலே ரப்பர் சுற்றி அச்சில் வைத்து வேகவைக்கிறார்கள். அதனால் பாதம் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கிறது. மேடுபள்ளத்தில் கால் வைத்தால் நிலத்தை ஒட்டி நிற்கிறது. வெறுங்காலோடு நடக்கிறேன், வாய்க்கால் நீரில் இறங்குகிறேன். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்கக் குந்தி உட்காருகிறேன். கல்யாணப் பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிடுகிறேன். இலவச முகாமில் கிடைத்த கால் இது. லட்சக்கணக்கில் விற்கும் கால்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது.

பாதத்துக்கு மேலே உள்ள பகுதி, போர்வெல் தண்ணீர் கொண்டுபோக நாம் பதிக்கும் எச்டிபிஈ குழாய் வகையைச் சேர்ந்த பிளாஸ்டிக். மாவுக்கட்டு போட்டு அளவெடுத்து, அதே வடிவத்தில் மாவு அச்சு வார்த்து, சூடாக்கிய குழாயை அதன்மேல் இழுத்துப் படியவைக்கிறார்கள். வேலை விரைவில் முடிகிறது, செலவும் குறைகிறது. பாதத்தைப் பிடித்திருக்கும் திருகு ஒருமுறை தளர்ந்தபோது எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரே இறுக்கிக் கொடுத்துவிட்டார். எட்டிய தூரத்தில் பழுது பார்க்க முடிவதைப் பெரிய குணமாகவே நினைக்கிறேன்.

இனி குறைகள். எல்லாம் சாக்கெட்டில்தான், அதாவது வெட்டி எடுத்தது போக மிஞ்சிய காலின் முனை உட்காரும் குழியில்தான். பிளாஸ்டிக்கில் காற்றுப் போக வழியில்லை. சித்திரை, வைகாசியில் மாங்காய் அறுவடை நடக்கும்போது பதினொரு மணிக்குள், முனையில் மாட்டும் துணி உறை நனைந்து, கால் உள்ளே வழுக்கத் தொடங்கும். மரத்தடியில் உட்கார்ந்து கழற்றினால் சாக்கெட்டிலிருந்து வியர்வை ஒழுகும். துண்டால் ஒற்றி, தோலைக் காற்றாட விட்டு, காய்ந்த பருத்தி உறை மாற்றிக்கொண்டுதான் எழுந்திருப்பேன். இதைச் சோம்பலில் தள்ளிப்போட்டால் மறுநாள் கொப்புளம் நிச்சயம். கொப்புளம் வந்தால் ஆறும்வரை காலை மாட்டவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் சிறிதும் அலட்சியம் காட்டக் கூடாது. தினமும் இரவில் கண்ணாடி வைத்து முனையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் ஆண்டில் காலின் முனை வற்றிக்கொண்டே வரும். அன்று கச்சிதமாக இருந்த சாக்கெட் பிறகு தொளதொளவென்று ஆகிவிடும். இரண்டு, மூன்று உறை போட்டுச் சமாளிக்கலாம், ஓரளவுக்குத்தான். விலை கூடிய கால்களில் திருகைத் திருப்பிப் பாதத்தின் சாய்மானத்தை மாற்ற முடியும். என் காலில் சாக்கெட்டும் தண்டும் ஒரே வார்ப்பு, ஆகவே பெரிதாக எதையும் திருத்த முடியாது. சாய்மானம் சரியில்லை என்றால் இடுப்பு வலிக்கும். முகாம் நடத்தியவர்கள் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். மறுபடி அளவெடுக்க நான் சென்னை வரை போக வேண்டியிருந்தது. பஸ் செலவும் கூலி இழப்பும் சேர்ந்தால் இலவசக் காலுக்கும் விலை உண்டு.

மலிவு விலையில் கருவி வடிவமைக்கும் பொறியாளர்கள் பெரும்பாலும் புது முழங்கால், புதுப் பாதம் என்றே யோசிக்கிறார்கள். அந்த ஆர்வத்தில் பாதியைச் சாக்கெட்டுக்குக் கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். நாற்பது டிகிரி வெயிலில் ஏணி ஏறுகிறவனுக்கு வியர்வை வெளியேற வழி வேண்டும். கால் வற்றினால் வீட்டிலேயே இறுக்கிக்கொள்ள வசதி வேண்டும். மாவுக்கட்டும் அடுப்பும் தெரிந்த ஒரு தொழில்நுட்பர் கிருஷ்ணகிரியிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும்.

முகாமுக்குப் போகிறவர்களுக்கு: பொருத்தியதும் பளிங்குத் தரையில் நாலு அடி நடந்துவிட்டு கையெழுத்துப் போடாதீர்கள். வெளியே மண் தரையில் நடந்து, குந்தி எழுந்து, படி இறங்கிப் பாருங்கள். பிறகு கழற்றித் தோலில் எங்கே சிவந்திருக்கிறது என்று அங்கேயே காட்டுங்கள். உறை நாலைந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.