ஒரு கிரவுண்டு பூங்கா: மியாவாக்கியா, இடைவெளிவிட்ட நாட்டு மரமா?

சென்னைப் புறநகர் மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று கிடைப்பது பல இடங்களில் ஒன்றிரண்டு கிரவுண்டுதான். என்ன நடலாம் என்று கேட்டால் சட்டென்று வரும் பதில், மியாவாக்கி: கன்றுகளை நெருக்கி நட்டுச் சிறு காடாக்கும் ஜப்பானிய முறை. தெருக்காரர்கள் தினமும் கால்வைக்கும் இடமென்றால் என் ஓட்டு இடைவெளிவிட்டு நடும் நாட்டு மரங்களுக்கே.

மியாவாக்கியின் பலம் தெரிந்ததுதான்: வேகமான வளர்ச்சி, புழுதித் தடுப்பு. குப்பை கொட்டும் மூலைக்கும் ரயில் பாதையோரத்துக்கும் அதுவே சரி. ஆனால் குழந்தைகள் உள்ளே போய் விளையாட முடியாது.

முடிவைத் தீர்மானிப்பது முதல் இரண்டு கோடையின் தண்ணீர். ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர். மியாவாக்கியில் சதுர மீட்டருக்கு 3 கன்று வைத்தால் சுமார் 670. நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால் 1,100 லிட்டருக்கு மேல். 6,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஐந்து நாளில் தீரும். குடிக்கவே லாரி வாங்கும் மே மாதத்தில் முதலில் நிறுத்தப்படுவது இந்தத் தண்ணீர்தான். நெருங்கி நிற்கும் கன்றுகள் ஒன்றின் ஈரத்தை ஒன்று உறிஞ்சிக் கூட்டமாகக் காயும். அதே இடத்தில் 5 மீட்டர் இடைவெளியில் 9 மரம். தலைக்கு 20 லிட்டர், வாரம் மூன்று முறை, வாரத்துக்கு மொத்தம் 540 லிட்டர். இரண்டு வீட்டார் முறைவைத்து ஊற்றிவிடலாம்.

குழி 3 அடி நீள, அகல, ஆழம். தொழுவுரம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மக்கியதும் மண் இறங்கி, கன்று பள்ளத்தில் நின்று, மழைநீர் தேங்கித் தண்டின் அடி அழுகும். பைக்குள் சுருண்ட வேரை நடும்போதே வெட்டிவிடுங்கள். சுருண்ட வேர் காற்றுக்குப் பிடி கொடுக்காது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை மறக்கக் கூடாது. தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட் வேண்டவே வேண்டாம்.

சீக்கிரம் நிழல் தர புங்கன், பூவரசு. ஓரங்களில் மகிழம், புன்னை. நடைபாதைமேல் நாவல் வேண்டாம், பழம் விழுந்து கறையாகும்.

கோட்டூர்புரத்தில் மாநகராட்சி மியாவாக்கி நட்டது 2020-இல். பெரும்புயலில் அது எப்படி நிற்கும் என்று தீர்ப்புச் சொல்ல அந்த வயது போதாது. அதனால் முற்றிலும் ஒதுக்கவும் மாட்டேன். இரண்டு கிரவுண்டு இருந்தால் வேலியோரம் 2 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளத்துக்கு அடர்த்தியாக நடலாம். வீரை, காசா, பாலை என இந்தக் கடற்கரைப் பகுதியின் உலர் காட்டு வகைகளாகத் தேடி வாங்குங்கள். 180 கன்று, நாளுக்கு 300 லிட்டர்.