பூட்டு கத்துகிறது, சைக்கிளைக் காணோம்

போன சனிக்கிழமை காலை, திருவான்மியூர் மார்க்கெட் பக்கம் என் சைக்கிள் திருடு போனது. சைக்கிள் 24,500 ரூபாய். அதைக் காப்பாற்றும் என்று சொல்லி என் தலையில் கட்டிய அலாரம் பூட்டு 1,850 ரூபாய். ஆக 26,350 ரூபாய், சீட்டுப் பணம். இப்போதுதான் மூன்றாவது தடவையாக அந்தக் கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். வந்த சூட்டோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை எப்படிப் பத்திரமாக நிறுத்துவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போடாதே என்கிறார் வக்கீலாக இருக்கும் என் மச்சான். தென்சென்னையில் கியர் சைக்கிள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு நிறுத்தியிருப்பார்களே, உள்ளே நுழைந்ததும் கையில் தண்ணீர் பாட்டில் கொடுப்பார்களே, அந்த மாதிரிக் கடை.

நாலு மாதத்துக்கு முன்னால் சைக்கிள் எடுத்தபோது நான் கேட்டது யூ லாக், அதாவது U வடிவத்தில் வளைத்த கெட்டி இரும்புப் பூட்டு. ஞாயிறு காலைகளில் என்னோடு முட்டுக்காடு வரை ஓட்டும் நண்பர் அதைத்தான் வாங்கச் சொல்லியிருந்தார். விற்பனைக்கு நின்ற பையனுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். "அண்ணா, நீங்க என்ன ராத்திரி பூரா ரோட்டுலயா விடப்போறீங்க? டீ குடிக்க, மருந்து வாங்க அஞ்சு நிமிஷம் நிறுத்துவீங்க. அதுக்குப் போய் அவ்வளவு இரும்பைத் தூக்கிட்டு அலையணுமா?" என்றான். நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் ஒரு கேபிள் பூட்டை எடுத்து வந்தான். கட்டைவிரல் தடிமன், பூட்டின் தலையில் சின்னதாக ஸ்பீக்கர் துளைகள், டப்பாவில் 110 டெசிபல் என்று கொட்டை எழுத்து. அதை ஒரு சைக்கிளில் மாட்டி விரலால் தட்டினான். முதல் தட்டுக்கு பீப் பீப் என்று எச்சரித்தது. மறுபடி ஆட்டினதும் அலறியதே ஓர் அலறல், கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இதை மாட்டிட்டு நீங்க உள்ள உக்காந்து பிரியாணியே சாப்பிடலாம்ணா."

அங்கேதான் விழுந்தேன். சிரித்துவிட்டேன், சிரித்தபின் எவன் யூ லாக் கேட்பான்? அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னான். இந்தப் பூட்டைப் போட்டும் சைக்கிள் திருடு போனால் கம்பெனியே பத்தாயிரம் ரூபாய் வரை தருமாம். "ரெஜிஸ்டர் பண்ணணும், அதை நாங்களே பண்ணிடுறோம்ணா" என்று என் போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த நோட்டை நம்பினேன்.

சனிக்கிழமை அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்பில் நிறுத்தினேன். ஈ.பி. கம்பத்தோடு சேர்த்துப் பூட்டி, ஒரு தட்டுத் தட்டி பீப் வருகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். கூட்டம் இல்லை, ஆறு நிமிஷம் ஆகியிருந்தால் அதிகம். நடுவில் வெளியே ஏதோ சைரன் கேட்டது. "காலங்காத்தால ஆரம்பிச்சுட்டானுங்க" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். யாருடைய ஸ்கூட்டரோ, பஸ் போன அதிர்வுக்குக் கத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் பூட்டின் சத்தம், நானே திரும்பிப் பார்க்கவில்லை! பத்து விநாடியில் அதுவும் ஓய்ந்தது.

வெளியே வந்தால் சைக்கிள் இல்லை. அறுபட்ட பூட்டு மட்டும் கம்பத்தடியில் கிடந்தது. கையில் எடுத்ததும் மறுபடி அலற ஆரம்பித்தது. சாவி போட்டு அணைக்கும்வரை ரோட்டில் நின்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் ஒருவரும் திரும்பவில்லை.

பக்கத்து டீக்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "யாரோ சாவியைத் தொலைச்சுட்டுத் தன் பூட்டோட மல்லுக்கட்டுறாரேன்னு நெனைச்சேன் சார்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கார் ரிவர்ஸ் எடுத்தால் பாட்டு, பைக்கை லேசாக உரசினால் சைரன் என்று நாள் முழுக்கக் கேட்கிற தெருவில் பத்து விநாடி சத்தம் யார் காதில் ஏறும்? ஏசி போட்டு மூடிய சைக்கிள் கடைக்குள் அது இடி மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அறுபட்ட கேபிளைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. கட்டைவிரல் தடிமன் என்றேன் இல்லையா, அதில் முக்கால்வாசி பிளாஸ்டிக் உறை. உள்ளே பென்சிலைவிட மெல்லிசாக, நூல் நூலாய்த் திரித்த கம்பி. எங்கள் தெரு ஹார்டுவேர் கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கட்டரே வேணாம், நல்ல கட்டிங் பிளேயர்ல நாலு கடி" என்றார். சத்தத்தைக் காட்டிக் கம்பியை மறைத்துவிட்டார்கள்.

அன்று மதியமே கடைக்குப் போனேன். தண்ணீர் பாட்டில் வரவில்லை. பிரியாணி பையன் ஊருக்குப் போயிருக்கிறானாம். மேனேஜர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அலாரம் அடிச்சுதா சார்?" அடித்தது என்றேன். "அப்ப ப்ராடக்ட்ல குறை இல்லையே." இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்தப் பத்தாயிரம்? வாங்கிய 15 நாளுக்குள் ரெஜிஸ்டர் செய்திருக்க வேண்டுமாம். நீங்கள்தானே செய்வதாகச் சொன்னீர்கள் என்றால், "ஓ.டி.பி. உங்க நம்பருக்குத்தான் வந்திருக்கும், நீங்க சொல்லலையே" என்கிறார். அப்படி ஒரு ஓ.டி.பி. வரவே இல்லை. நோட்டைக் காட்டுங்கள் என்றேன், பழைய நோட்டு கோடவுனில் இருக்கிறதாம். திங்கட்கிழமை போனால் முதலாளி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். டப்பாவில் இருக்கும் நம்பர் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. இன்றைக்குக் கடைசியாகச் சொன்னது: "வேணும்னா புதுப் பூட்டு இருபது பர்சென்ட் தள்ளுபடியில தர்றோம் சார்." எதைப் பூட்ட?

ஸ்டேஷனில் ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். ஃபிரேம் நம்பர் கேட்டார். என்னிடம் இல்லை. பில்லில் இருக்கும் என்று நீட்டினேன். அதில் சைக்கிள் மாடல் பெயர் மட்டும், பூட்டுக்கு "அக்சஸரீஸ் 1,850" என்று ஒரே வரி. "ஓட்டின சைக்கிள்தானே, மதிப்பு ஐயாயிரத்துக்குள்ளன்னு போட்டுக்கலாமா?" என்றார். மச்சான் உடனே குறுக்கிட்டார். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், ஐயாயிரத்துக்குக் குறைந்த பொருளை முதல் தடவையாகத் திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அதனால் பில்லில் உள்ளபடி 24,500 என்றே எழுத வைத்தோம். இப்போதைக்குக் கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீது, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு மட்டும். எப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை. மெடிக்கல் ஷாப்பின் கேமராவோ கல்லாவைப் பார்த்து மாட்டியிருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இன்றைக்கே சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த நம்பர் பில்லில் இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். ஐந்து நிமிஷம்தானே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கனமாக இருந்தாலும் யூ லாக்தான், ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுங்கள். அலாரம் வேண்டுமென்றால் அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டர் செய்கிறேன் என்றால் கடையிலேயே நின்று முடித்துவிட்டு வாருங்கள். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன், 26,350 ரூபாய்க்கும்.

சைக்கிள் அடர் சாம்பல் நிறம், 27.5 இஞ்ச் சக்கரம். ஹேண்டிலில் இடது பக்கப் பிடி கிழிந்து, பழைய ட்யூபை வெட்டிச் சுற்றியிருப்பேன். முன் ஃபோர்க்கில் வலது பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல், சீட்டுக்குப் பின்னால் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர் பாதி உரிந்த நிலையில் இருக்கும். திருவான்மியூர், பாலவாக்கம், பெருங்குடி பக்கம் யாராவது பார்த்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.