எஃப்ஏஎல், ஜி3, எம்14, ஏஆர்-10: என் ஓட்டு எஃப்ஏஎல்லுக்கு

7.62 மி.மீ. தோட்டாவுக்கான செமி ஆட்டோ ரைபிள் ஒன்று வாங்குவது என்று முடிவானதும் பார்க்க வேண்டியிருந்தவை நான்கு: பெல்ஜியத்தின் எஃப்ஏஎல், ஜெர்மனியின் ஜி3, அமெரிக்காவின் எம்14, ஏஆர்-10. நான் எடுத்தது எஃப்ஏஎல், மெட்ரிக் அளவில் செய்தது. இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ராணுவங்கள் வைத்திருந்த முழு ஆட்டோமேட்டிக் வகைகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் சுடுகிற, சட்டம் அனுமதிக்கும் இடங்களில் உரிமத்தோடு வைத்துக்கொள்ளக்கூடிய வகைகளையே ஒப்பிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். நான்குமே 7.62×51 மி.மீ. நேட்டோ தோட்டாவைச் சுடுபவை. வழக்கமான மேகசினில் 20 தோட்டா. எஃப்ஏஎல், ஜி3, எம்14 மூன்றும் காலியாகவே 4 கிலோவைத் தாண்டும். எஃப்ஏஎல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. பிரிட்டன் அதை எல்1ஏ1 என்ற பெயரில் செமி ஆட்டோவாகவே வைத்துக்கொண்டது. இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலை 1ஏ1 என்று செய்தது; எஸ்எல்ஆர் என்றால் பலருக்கும் தெரியும். ஜி3-ஐ மேற்கு ஜெர்மனி 1959-இல் எடுத்துக்கொண்டது. எம்14 1957-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது, 1964-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஏஆர்-10 யூஜின் ஸ்டோனர் 1950-களின் நடுவில் வடிவமைத்தது. பின்னால் வந்த எம்16-க்கு அதுதான் மூலம். போரில் எது சாதித்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. நான்குமே ராணுவங்களின் கையில் உழைத்தவை, நல்ல நிலையில் உள்ள எதை எடுத்தாலும் சுடும்.

என் தேர்வைத் தீர்மானித்தது பராமரிப்பு. துடைத்து எண்ணெய் போடுவது நான்குக்கும் பொது. என் கேள்வி வேறு: ரைபிள் ஒருநாள் தகராறு செய்தால், ஏன் செய்கிறது என்று எனக்குத் தெரியுமா, தெரிந்தால் என்னாலேயே சரிசெய்ய முடியுமா?

செமி ஆட்டோ ரைபிள் தன் வேலைக்கு வேண்டிய சக்தியைத் தோட்டாவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ள வேண்டும். சக்தி குறைந்தால் கூடு பாதியில் மாட்டிக்கொள்ளும். கூடினால் போல்ட் பின்னால் போய் மோதும்; உதையும் அதிகம், பாகங்களும் சீக்கிரம் தேயும். தோட்டாவோ எப்போதும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. பழைய ராணுவச் சரக்கு ஒரு மாதிரி, இதே அளவில் வேட்டைக்கு வரும் .308 தோட்டா ஒரு மாதிரி, வீட்டில் நிரப்பியது இன்னொரு மாதிரி. அப்புறம் அழுக்கு சேரும், குளிர் கூடும், ஸ்பிரிங் தளரும்.

எஃப்ஏஎல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பேரலுக்கு மேலே வாயு சிலிண்டரைச் சுற்றி ஒரு சின்ன வளையம், அதுதான் ரெகுலேட்டர். பேரலிலிருந்து வரும் வாயுவில் எவ்வளவு வெளியே போகட்டும், எவ்வளவு பிஸ்டனைத் தள்ளட்டும் என்பதை அது முடிவு செய்கிறது. அடுப்பைக் கூட்டிக் குறைப்பது போலத்தான். வளையத்தை மூட மூட வெளியே கசிவது குறையும், பிஸ்டனுக்குப் போவது கூடும். ஒவ்வொரு படிக்கும் விரலில் ஒரு 'கிளிக்' தெரியும்.

அளவு வைக்கும் முறை எளிது. ரெகுலேட்டரை நன்றாகத் திறந்துவிட வேண்டும். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட வேண்டும். வாயு போதவில்லை என்றால் போல்ட் முழுதாகப் பின்னே போகாது. காலி மேகசினில் திறந்து நிற்க வேண்டியது நிற்காமல் மூடிவிடும். ஒரு கிளிக் மூடி, மறுபடி ஒரு தோட்டா. போல்ட் தவறாமல் திறந்து நிற்கத் தொடங்கும் இடம் வந்ததும், இன்னும் சில முறை சுட்டு உறுதி செய்துகொண்டு, அதற்கு மேல் இரண்டு கிளிக் மூடி விட்டால் முடிந்தது. அந்த இரண்டு கிளிக் அழுக்குக்கும் குளிருக்கும் ஒதுக்கிய இருப்பு.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ரெகுலேட்டரின் எந்த எண்ணில் ரைபிள் நன்றாக ஓடுகிறது என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். அதே தோட்டாவுக்கு எண் மெல்ல மாறத் தொடங்கினால், எங்கோ ஏதோ தேய்கிறது அல்லது அழுக்கு அடைக்கிறது என்று அர்த்தம். பிஸ்டனைப் பார்க்கலாம், சிலிண்டரின் முன்மூடியான வாயு பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம், போல்ட்டைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கைப் பார்க்கலாம். ரைபிள் முழுதாக மக்கர் செய்வதற்கு முன்பே இந்தத் தகவல் கைக்கு வந்துவிடுகிறது.

கழற்றுவதும் சுலபம். மேகசினை எடுத்து, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு, பின்னால் உள்ள நெம்பைத் தள்ளினால் ரைபிள் நடுவில் மடங்கித் திறக்கும். போல்ட்டைச் சுமந்து நகரும் போல்ட் கேரியரின் வாலைப் பிடித்து இழுத்தால் முழுதும் பின்வழியாக வந்துவிடும். மேல் மூடியும் அப்படியே நகர்ந்து வரும். முன்னால் வாயு பிளக்கின் சிறு பொத்தானை ஒரு தோட்டா முனையால் அழுத்திக் கால் சுற்று திருப்பினால் பிஸ்டன் கைக்கு வரும். ஆனால் விரலை மேலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிளக்கை எட்டத் தூக்கி எறிந்துவிடும். திரும்ப மாட்டும்போது மெட்ரிக் வகையில் பிளக்கின் 'ஏ' எழுத்து மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பிஸ்டனுக்கு வாயு போகாது. அது கிரனேடு வீசும் நிலை. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து ஏற்ற வேண்டியிருக்கும். புதிதாக வாங்கியவர் "ரைபிள் வேலை செய்யவில்லை" என்று வந்தால் முதலில் அந்த எழுத்தைத்தான் பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ். நெடுநாள் சுட்டபின் போல்ட்டுக்கும் சேம்பருக்கும் இடையேயான அளவு கூடும். எஃப்ஏஎல்லில் போல்ட்டின் பின்பக்கம் கீழே சாய்ந்து, ரிசீவரில் (போல்ட் ஓடும் உடற்பகுதி) அழுத்திப் பொருத்தியிருக்கும் ஒரு எஃகுத் துண்டின்மேல் உட்காரும். அந்தத் துண்டு மிக நுண்ணிய வித்தியாசங்களில் பல அளவுகளில் உண்டு. தேய்ந்ததை எடுத்துவிட்டுச் சற்றுத் தடிமனானதைப் போட்டால் பேரலைத் தொடாமலே அளவு சரியாகிவிடும். இதற்கு கேஜும் பிரஸ்ஸும் வேண்டும், அனுபவமுள்ள ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுப்பதுதான் சரி. ஆனாலும் ஒரு சின்னத் துண்டை மாற்றுவதோடு வேலை முடிவது பெரிய விஷயம்.

சரி, ஜி3. என் மனம் கடைசிவரை ஊசலாடியது இதனிடம்தான். இதில் வாயு சிலிண்டரே கிடையாது. போல்ட் தலையின் இரு பக்கமும் உள்ள உருளைகள் திறப்பதைச் சற்றே தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான். அழுக்கிலும் சேற்றிலும் நின்று ஓடும் என்று பெயர், அந்தப் பெயர் நியாயமானது. தேய்மானம் பார்ப்பதிலும் இது மோசமில்லை. போல்ட் தலைக்கும் கேரியருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் போதும். இடைவெளி 0.1 முதல் 0.5 மி.மீ.க்குள் இருந்தால் சரி. குறைந்தால் கொஞ்சம் பெரிய உருளைகளைப் போடலாம். இவ்வளவு நேரடியான அளவு எஃப்ஏஎல்லில்கூட இல்லை. ஜி3-க்கு இந்த இடத்தில் முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

பிறகு ஏன் விட்டேன்? தோட்டா மாறினால் திருப்புவதற்கு ஜி3-இல் எதுவும் இல்லை. ஓட்டத்தை மாற்ற வேண்டுமானால் போல்ட்டுக்குள் உருளைகளை வெளியே தள்ளிப் பிடிக்கும் லாக்கிங் துண்டையே வேறு கோணத்துக்கு மாற்ற வேண்டும், அது சுடுகளத்தில் நின்று செய்கிற வேலை இல்லை. அடுத்தது கூடு. சேம்பர் சுவரில் நீளவாட்டில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். சுடும்போது வாயு அந்தப் பள்ளங்களில் புகுந்து, கூடு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். வெளியே வரும் கூட்டை எடுத்துப் பாருங்கள்: உடலைச் சுற்றிக் கரிக்கோடுகள், நடுவில் ஓர் ஆழமான நெளிவு. அதுவும் பல அடி தள்ளிப் போய் விழுந்திருக்கும். கூட்டைப் பொறுக்கி மறுபடி நிரப்புகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது தொடர் தலைவலி. நான் நிரப்புகிறவன். இதோடு, கடைசிக் குண்டு தீர்ந்ததும் போல்ட் திறந்து நிற்காது. உதையும் எஃப்ஏஎல்லை விட என் தோளுக்குக் கடுமையாகத்தான் பட்டது. இது ஆளுக்கு ஆள் மாறலாம். தோட்டாவைக் கடையில் வாங்கிச் சுட்டுவிட்டு, கூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் போகிறவர் என்றால், ஜி3 வகையை எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். மேகசின்களும் ராணுவச் சரக்காக ஏராளமாக வெளிவந்தவை.

எம்14-இன் செமி ஆட்டோ வடிவமான எம்1ஏ-யை அடுத்தவர் ரைபிளில் சுட்டிருக்கிறேன், வைத்துப் பராமரித்ததில்லை. சைட் நான்கிலும் இதில்தான் அழகு, ட்ரிகரும் நன்றாக இருந்தது. சிக்கல், ரைபிளின் துல்லியம் அதைத் தாங்கும் கட்டையோடு அது எப்படிப் பொருந்தி உட்கார்கிறது என்பதைப் பொறுத்திருப்பது. மரக்கட்டை ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். போட்டிக்காகப் பெட்டிங் செய்த, அதாவது கட்டையில் அசையாமல் பொருத்திய ரைபிளை அடிக்கடி கட்டையிலிருந்து கழற்றாதீர்கள் என்பது அதை வைத்திருப்பவர்களின் பொதுவான அறிவுரை. ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால் பேரலைச் சுத்தம் செய்யும் கம்பியை முனைப்பக்கமிருந்து விட வேண்டியிருக்கிறது. கவனம் பிசகினால் முனை தேய்ந்து துல்லியம் போய்விடும். அடிக்கடி திறந்து பார்க்க விரும்புகிற எனக்கு இது ஒத்துவராது.

ஏஆர்-10 வகையின் பலம் வெளிப்படை. எடை குறைவாகச் செய்யலாம், ஸ்கோப் மாட்ட மேலேயே ரெயில் இருக்கிறது, துல்லியத்தில் மற்ற மூன்றும் பக்கத்தில் வராது. தூர இலக்கில் சின்னக் குழுவாக, அதாவது குண்டுகள் நெருங்கி விழும்படி சுட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், மேலே நான் எழுதிய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை வாங்குங்கள். என் தயக்கம் உதிரிபாகத்தில். எம்16-இன் செமி ஆட்டோ வடிவமான ஏஆர்-15-க்கு ராணுவ அளவுகள் இருக்கின்றன, யார் செய்த பாகமும் பெரும்பாலும் பொருந்தும். 7.62 வகைக்கு அப்படி ஒரு பொது அளவு உருவாகவில்லை. டிபிஎம்எஸ் நிறுவனத்தின் வழி ஒன்று, ஆர்மலைட் நிறுவனத்தின் வழி ஒன்று. ரிசீவரின் பின்வெட்டு வேறு, பேரல் நட்டின் மரை வேறு, மேகசினும் வேறு. டிபிஎம்எஸ் வழிக்குள்ளேயே ரிசீவரின் மேல் உயரம் இரண்டு விதம், போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் பஃபரின் நீளமும் இரண்டு விதம். ஏதாவது உடைந்தால், எந்தப் பாகம் வேண்டும் என்று தெரிந்துகொள்வதே ஒரு வேலை. வாயு அளவை மாற்றும் பிளாக்குகள் இதற்கும் கிடைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பல ரைபிள்களில் அது தனியாக வாங்கி மாட்டுவது.

எஃப்ஏஎல்லிலும் குறைகள் உண்டு, மறைக்கப் போவதில்லை. சாதாரண ராணுவத் தோட்டாவில் 100 மீட்டரில் 6 முதல் 10 செ.மீ. குழு வந்தால் திருப்தி அடைய வேண்டும். பின்சைட் கீழ்ப்பாதியில், முன்சைட் பேரலில். இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஆட்டம் இருந்தால் ஜீரோ (சைட் காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி வைத்த அளவு) நகரும். ஸ்கோப் மாட்டுவது அரைகுறை வேலைதான், மேல் மூடி வெறும் தகடு. கனமான இறுக்கமான மூடி வாங்கிப் போடலாம், அப்போதும் ஏஆர்-10 ரெயிலுக்கு ஈடாகாது. நைஸ் மணல் இதற்குப் பகை. பிரிட்டிஷ்காரர்கள் எல்1ஏ1-இன் போல்ட் கேரியரில் மணல் ஒதுங்குவதற்கென்றே பள்ளங்கள் வெட்ட வேண்டியிருந்தது. பாலைவனத்தில் நான் சுட்டதில்லை, அங்கே சுடுகிறவர்கள் ஜி3-ஐ முதலில் பார்ப்பது நல்லது.

பழைய எஃப்ஏஎல் வாங்கப் போகிறவர்களுக்கு: மெட்ரிக்கா, பிரிட்டனின் எல்1ஏ1 போல இன்ச் அளவில் செய்ததா என்று முதலில் கேளுங்கள். மெட்ரிக் மேகசின் இன்ச் ரைபிளில் கொஞ்சம் ஆட்டத்தோடு நிற்கும்; இன்ச் மேகசின் மெட்ரிக் ரைபிளில் ஏறவே ஏறாது. முன்பக்கக் கொக்கியைப் பார்த்தாலே தெரியும், மெட்ரிக்கில் தகட்டிலேயே அழுத்திய சின்னப் புடைப்பு, இன்ச்சில் தனியாக ஒட்டவைத்த பெரிய கொக்கி. ராணுவ ரைபிள்களிலிருந்து கழற்றிய பாகங்களை வைத்துச் சேர்த்ததாக இருந்தால் ஹெட்ஸ்பேஸ் அளக்காமல் ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம். ரைபிளை மூடிப் பிடித்து இரு பாதிகளையும் அசைத்துப் பாருங்கள். ரெகுலேட்டர் வளையம் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அது சுற்றாவிட்டால் மேலே நான் புகழ்ந்த எதுவும் உங்களுக்குப் பயன்படாது. உதிரியாக ஒரு எக்ஸ்ட்ராக்டரும் (கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) அதன் ஸ்பிரிங்கும், ஒரு ஃபயரிங் பின்னும் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி), ஒரு ஜோடி ரிகாயில் ஸ்பிரிங்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ராக்டரை மாற்ற அதற்கென்று ஒரு சின்னக் கருவி விற்கிறது. ஸ்பிரிங் மிகக் கடினமானது, கருவி இல்லாமல் முயல வேண்டாம்.