பஸ் நிறுத்தத்து அடுப்புகளும் எடைக் குறைப்பும்: எண்ணெய் எந்த இடத்தில் சேர்கிறது?

எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் முதல் தடை வெளிச் சாப்பாட்டின் மேல்தான் விழுகிறது. காலையில் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய் இரவு எட்டரைக்குப் பாபநாசத்தில் இறங்குகிற என்னைப் போன்றவர்களிடம் அந்தத் தடை எத்தனை வாரம் நிற்கும்? கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம் என்று பஸ் நிற்கிற ஒவ்வோர் ஊரிலும் பொழுது சாய்ந்ததும் அடுப்பு எரிகிறது. வெறும் வயிற்றோடு தினமும் அவற்றைக் கடந்து போவதை விட, எந்த அடுப்பின் முன் நிற்கலாம் என்று முடிவு செய்துகொள்வது மேல் என்று தீர்மானித்தேன். எடை இறங்கியது. மெதுவாகத்தான், ஆனால் இறங்கியது. ஏழு மணிக்கே வீடு சேர்ந்துவிடுகிறவர்களுக்கு இந்த அலசல் தேவையில்லை, வீட்டில் சாப்பிடுங்கள்.

என் முன் இருந்தவை ஐந்து. ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ் போடுகிற தள்ளுவண்டி. பரோட்டாக் கடை. பர்கரும் பொரித்த கோழியும் விற்கும் பெரிய நிறுவனங்களின் கிளைகள். கிரில் சிக்கன் கடை. இட்லி, தோசை போடும் இரவு டிபன் கடை. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: டிபன் கடை. கிரில் சிக்கனை அதற்கு அடுத்த இடத்தில் வைப்பேன்.

ருசியைப் பற்றிப் பேசப் போவதில்லை; ஐந்தும் ருசிதான். விலையில் டிபன் கடைதான் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். சுத்தம் கடைக்குக் கடை மாறும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் பற்றிய அச்சம் நியாயமானது. அந்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் காய்ந்து கெடும்போது உண்டாகும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பே வைத்திருக்கிறது. ஆனால் அது உடல்நலத்தின் வேறொரு பக்கம். புது எண்ணெயும் பழைய எண்ணெயும் எடையில் ஒரே அளவைத்தான் ஏற்றுகின்றன.

எடைக்கு வருவோம். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. நடுத்தர அளவு இட்லி இரண்டுக்குச் சமம். வயிற்றில் அந்த எண்ணெய் இடத்தை அடைப்பதே இல்லை. ஒரு நாளில் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் இறங்கும் என்பது வழக்கமான கணக்கு. கடையில் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் அந்த 500ஐ அப்படியே விழுங்கிவிடும். எனவே கடைச் சாப்பாட்டில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எண்ணெய் எந்தக் கட்டத்தில் உணவுக்குள் போகிறது? நான் கேட்பதற்கு முன்பா, என் கண் முன்னாலா, தட்டுக்கு வந்த பிறகா? முன்பே போய்விட்டதென்றால் என் கையில் எதுவும் இல்லை. தட்டில் சேர்வதென்றால் முழுக்க என் கையில்.

இந்த அளவுகோலில் முதலில் விழுவது பரோட்டா. மாவு பிசையும்போதே எண்ணெய். உருட்டிய உருண்டைகள் எண்ணெயில் ஊறுகின்றன. வீசும்போது கல்லில் எண்ணெய், சுருட்டும்போது தடவ எண்ணெய், சுடும்போது மேலே மறுபடியும் எண்ணெய். மாஸ்டரிடம் “எண்ணெய் இல்லாமல் போடுங்கள்” என்று சொன்னால் அவர் கடைசிக் கட்டத்தை மட்டும்தான் குறைக்க முடியும். மற்றவை மாலை நான்கு மணிக்கே முடிந்துவிட்டன. அடுக்கடுக்காகப் பிரிவதே அந்த எண்ணெயால்தான். அளவைப் பொறுத்து ஒரு பரோட்டா 250, 300 கலோரி வரும்; சில கடைகளில் அதற்கும் மேல். இரண்டோடு எழுந்திருப்பவர் அரிது. சால்னாவில் மிதக்கும் எண்ணெயையாவது ஒதுக்கலாம், பரோட்டாவுக்குள் இருப்பதை ஒதுக்க வழியில்லை. கொத்துப் பரோட்டா அதே பரோட்டாவின் மேல் இன்னொரு முறை எண்ணெய். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்துப் பரோட்டாவுக்கு இருக்கும் மதிப்பு எனக்கும் உண்டு. அங்கே போகும் நாளில் ஒன்று சாப்பிடுகிறேன், அந்த நாளின் மற்ற வேளைகளைச் சுருக்கிக்கொள்கிறேன். அதை வாரத்தின் வழக்கமாக்க முடியாது.

தள்ளுவண்டி ஃபிரைடு ரைஸ் பரோட்டாவை விட ஒரு படி மேல், ஏனென்றால் எண்ணெய் ஊற்றுவது நம் கண் முன்னால் நடக்கிறது. ஆனால் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. அந்த இரும்புச் சட்டி முழுத் தீயில் இருக்கிறது. முன்பே வடித்து ஆறவைத்த சோறு அதில் ஒட்டாமல் புரள வேண்டும். அதற்கு எண்ணெய் தேவை. “கொஞ்சமாக ஊற்றுங்கள் அண்ணே” என்றால் அவர் மனமுவந்து குறைக்கத்தான் பார்ப்பார். சோறு பிடிக்கத் தொடங்கியதும் கை தானாக எண்ணெய்ப் புட்டிக்குப் போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது, சமையல் முறையே அப்படி. உள்ளே போடும் சிக்கனும் பெரும்பாலும் முன்பே பொரித்து எடுத்தது. போதாததற்கு ஒரு தட்டு என்பது இரண்டு பேர் சோறு. வேண்டுமானால் பாதியைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். நானும் நண்பரும் ஒரு தட்டைப் பகிர்ந்த நாட்கள் உண்டு. அது கணக்கைப் பாதியாக்கும், தெளிவாக்காது.

பர்கர், பொரித்த கோழிக் கிளைகளில் என் அனுபவம் குறைவு. திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ குடும்பத்தோடு போகும்போது மட்டும்தான். ஆனாலும் அவற்றுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்தின் கலோரியையும் பட்டியலில் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் சொல்கின்றன. எண்ணெய் உள்ளே போன பிறகும் அதன் கணக்கு வெளியே தெரிகிறது. நம் ஊர்க் கடை எதிலும் இது இல்லை. சாதாரண பர்கர் ஒன்றை மட்டும், மயோனைஸ் இல்லாமல், தண்ணீரோடு சாப்பிட்டு எழுந்தால் அது எடைக் குறைப்பு உணவுக்குள் சிக்கலில்லாமல் அடங்கிவிடும். அங்கே ஆபத்து பர்கரில் இல்லை, அதோடு சேர்த்துத் தரும் தட்டில் இருக்கிறது. பொரித்த உருளைக்கிழங்கு, குளிர்பானம். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. சேர்த்து வாங்கினால் விலை குறைவு என்று பலகை சொல்லும்போது குழந்தைகள் முன்னால் மறுப்பது எளிதல்ல.

எண் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு 2019இல் வெளியிட்டது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு கொடுத்தார்கள். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஈடாக இருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி அளவுக்கு அதிகம் சாப்பிட்டார்கள், 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் ஏறத்தாழ அதே அளவு இறங்கினார்கள். ஒரு பர்கருக்குப் பின் கை இன்னொன்றைத் தேடுவதற்கு மன உறுதிக் குறைவு மட்டும் காரணமல்ல என்று இதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது.

இனி டிபன் கடை. இட்லி வேகும்போது எண்ணெய்க்கு வேலையே இல்லை. துணி போட்ட தட்டில் ஆவி மட்டும்தான். இட்லிக்குள் என்ன இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்: அரிசி, உளுந்து, உப்பு. ஒன்று 50, 60 கலோரி. எண்ணிச் சாப்பிடக்கூடிய பண்டம் என்பதை நான் பெரிய வசதியாக நினைக்கிறேன். ஃபிரைடு ரைஸை யாரும் எண்ண முடியாது. எண்ணெய் சேர்கிற இடங்கள் எல்லாமே தட்டில்தான்: பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெய், பக்கத்தில் வைக்கும் வடை, தேங்காய்ச் சட்னி. இவை ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லலாம். “பொடிக்கு எண்ணெய் வேண்டாம் அக்கா, சாம்பார் மட்டும் கூட ஊற்றுங்கள்” என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த வாரம் நான் சொல்லாமலே அப்படி வந்தது. தெரிந்த கடையில் சாப்பிடுவதன் பலன் இது.

இட்லிக்கும் குறை உண்டு. மென்மையானது, வேகமாகச் செரித்துவிடும். நான்கு இட்லியில் புரதம் அதிகமில்லை. பத்து மணிக்கு மறுபடி பசிக்கும். அதை அவித்த முட்டை சரிசெய்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 75 கலோரிக்கு அருகில். நான் போகும் கடையில் முட்டை கிடையாது, பக்கத்துப் பெட்டிக்கடையில் உண்டு. நான்கு இட்லி, இரண்டு முட்டை, தாராளமாகச் சாம்பார்: மொத்தம் 450 கலோரியை ஒட்டி வரும், தூங்கும் வரை பசி எழுவதில்லை. புளிப்பேறிய மாவு, கரைந்த சாம்பார் என்று கடை கைவிடும் நாளும் வரும். அன்று மூன்றோடு நிறுத்திவிடலாம், நஷ்டமில்லை.

தோசை இட்லிக்கும் ஃபிரைடு ரைஸுக்கும் நடுவில். கல்லைச் சுற்றி எண்ணெய் ஊற்றுவது நம் கண் முன்னால், ஆனால் இங்கே மறுப்புக்குப் பலன் இருக்கிறது. பழகிய கல்லில் எண்ணெய் இல்லாமலே தோசை எழும்பி வரும், கொஞ்சம் வறண்டிருக்கும். முறுவல் கேட்டால் எண்ணெயும் வரும். பூரியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கடப்பா மட்டும் எனக்கு உண்மையிலேயே கடினமான இடம். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பிறந்து வளர்ந்தவரிடம் இட்லிக்குக் கடப்பா வேண்டாம் என்று சொல்லச் சொல்வது பெரிய கோரிக்கை. பாசிப்பருப்பு இருப்பதால் நல்லதுதான், ஆனால் உருளைக்கிழங்கும் அரைத்த தேங்காயும் சேர்ந்த கெட்டிக் குழம்பு அது. சாம்பார் போல இரண்டாவது, மூன்றாவது முறை வாங்க முடியாது. ஒரு கிண்ணத்தோடு இட்லியில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறேன்.

கிரில் சிக்கனை இரண்டாம் இடத்தில் வைக்கக் காரணமும் அதே அளவுகோல்தான். கம்பியில் சுழலும்போது கோழியின் கொழுப்பு வடிந்து இறங்குகிறது, தோலை நாமே உரித்து வைத்துவிடலாம், மயோனைஸ் தனிக் கிண்ணத்தில் வருகிறது. அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் முழு வித்தையும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது கிருமிகளுக்காக; முட்டை இல்லாத மயோனைஸிலும் பெரும்பகுதி எண்ணெய்தான். கால் கோழி, வெங்காயம், எலுமிச்சை, ஒரு குபூஸ் (அரபு ரொட்டி). புரதத்தில் இட்லியால் இதை நெருங்கவே முடியாது. விலையும், இரவில் காரம் ஒத்துக்கொள்ளாததும் என்னை அடிக்கடி போகவிடுவதில்லை. ஷவர்மா சாப்பிட்டுப் பழக்கமில்லை என்பதால் அதைப் பற்றி எழுதவில்லை.

இரவுக் கடையைத் திருத்திவிட்டு மதியச் சோற்றை அப்படியே வைத்திருந்தால் இதெல்லாம் வீண். டெல்டாவில் சோற்றின் அளவு நாற்று நட்டவர்களுக்கும் கதிர் அறுத்தவர்களுக்கும் அமைந்தது. இன்று பல வயல்களில் இயந்திரம் நடுகிறது, இயந்திரம் அறுக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தட்டில் மட்டும் பழைய அளவு குறையவில்லை. நான் மதியச் சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் பொரியலையும் கூட்டிய பிறகுதான் இரவு இட்லிக்குக் கணக்கில் இடம் வந்தது. நம்மவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடை, BMI) 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை; ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது வரம்பு. எடை மெஷினை விட அளவு நாடா எனக்கு உண்மையான நிலவரத்தைச் சொன்னது.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் என் தேர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இட்லி பெரும்பாலும் மாவுச்சத்து. இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். அவர்களுக்குக் கிரில் சிக்கனோ இரண்டு இட்லியோடு கூடுதல் முட்டையோ பொருந்தலாம் என்று நினைக்கிறேன், ஆனால் எனக்குச் சர்க்கரை இல்லை, அந்த அனுபவமும் இல்லை. மருந்து எழுதித் தருகிற மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குக் கடைச் சாம்பாரின் உப்பும் ஒரு கேள்வி. நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பை இரண்டு முறை வாங்கும் சாம்பார் கணிசமாகத் தின்றுவிடும்.

டிபன் கடை மூடியிருக்கும் நாளில் நான் போகும் வரிசை இதுதான்: கிரில் சிக்கன், அது இல்லையென்றால் வேறு கடையில் எண்ணெய் விடாத இரண்டு தோசை, அதுவும் இல்லையென்றால் இரண்டு வாழைப்பழம், பெட்டிக்கடை முட்டை, வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் மோர்.