எழுதி அழிக்கும் ஹோலோகிராம் திரை: அரிசோனா பாலிமர் பற்றிய ஒரு மதிப்பீடு

அரிசோனா பல்கலைக்கழகத்தில் நாசர் பெய்கம்பாரியன் குழுவினர், நிட்டோ டென்கோ டெக்னிக்கல் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய ஹோலோகிராம் (லேசர் ஒளியால் பதியும் முப்பரிமாணப் படம்) திரையின் முதல் வடிவம் 2008-இலும் இரண்டாம் வடிவம் 2010-இலும் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்தன. உலகெங்கும் செய்தியானது இரண்டாவதுதான். ஆயினும் வெளியான தரவுகளை அருகருகே வைத்துப் பார்க்கையில், திரை என்ற வகையில் முதலாவதே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

இத்திரையின் சிறப்பெல்லாம் அதன் பாலிமரில் இருக்கிறது. ஒளி ஊடுருவும் மின்முனை பூசப்பட்ட இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சுமார் 100 மைக்ரான் தடிமனில் அது பரவியிருக்கிறது. இரண்டு லேசர் கற்றைகள் அதனுள் சந்திக்கும்போது வெளிச்சமும் இருளும் மாறி மாறி அமைந்த நுண்ணிய வரிகள் உண்டாகின்றன. வெளிச்ச வரிகளில் பிறக்கும் நேர்மின்னூட்டங்கள், வெளியிலிருந்து செலுத்தப்படும் மின்புலத்தால் நகர்ந்து இருள் வரிகளில் சிக்கிக்கொள்ள, அதனால் எழும் உள் மின்புலத்துக்கு ஏற்ப, பாலிமரில் கலந்துள்ள சாய மூலக்கூறுகள் திரும்பி நிற்கின்றன. ஒளியை வளைக்கும் திறனைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறி, அந்த மாற்றமே ஹோலோகிராமாகப் பதிகிறது. கழுவவும் வேண்டாம், வேதிக் கரைசலும் வேண்டாம். சீரான ஒளியைப் பாய்ச்சினால் பதிவு அழிந்து, திரை அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். வெள்ளி உப்புப் படலத்தில் ஒருமுறை பதித்ததை மாற்ற முடியாது. லித்தியம் நியோபேட் போன்ற படிகங்களில் அழித்து எழுதலாம் என்றாலும், அவற்றைத் திரையளவுக்கு வளர்ப்பது கடினம். 1991-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் இவ்வகைப் பாலிமரை முதன்முதலாகச் செய்து காட்டியதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

2008-ஆம் ஆண்டுத் திரை 4 அங்குலச் சதுரம். படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும்; பதிந்த பின் புதுப்பிக்காமலேயே பல மணி நேரம் பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு நோயாளியின் ஸ்கேன் படத்தை மருத்துவர் குழு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஆராய வேண்டுமென்றால், தேவைப்படுவது வேகமன்று, நிலைத்து நிற்பதே. சாயம் மிகுந்தால் அது பாலிமரிலிருந்து பிரிந்து படிகமாகித் திரையை மங்கச் செய்வது இத்துறையின் பழைய தொல்லை. பாலிமரின் சங்கிலியிலேயே ஒரு துணைத் தொகுதியை இணைத்து அதைத் தடுத்திருப்பது மிக நேர்த்தியான வேதியியல் வேலை, போதிய பாராட்டைப் பெறாத வேலையும்கூட.

2010-இல் ஃபுல்லரீன் (கூண்டு வடிவக் கார்பன் மூலக்கூறு) வகைச் சேர்மம் ஒன்றைக் கலந்து, வினாடிக்கு 50 முறை துடிக்கும் லேசரால் படத்தின் புள்ளிகளைப் பதித்து, 2 வினாடிக்கு ஒரு புதிய படம் என்ற நிலையை எட்டினார்கள். 16 கேமராக்கள் ஓரிடத்தில் எடுத்த உருவம் வேறிடத்தில் முப்பரிமாணத்தில் தோன்றியது. துடிப்பு நானோவினாடி அளவே நீடிப்பதால் அதிர்வு பதிவைக் கெடுப்பதில்லை. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் 2 வினாடிக்கு ஒரு படம் என்பது அசைவாகத் தெரியாது. பதிந்த படமோ சில வினாடிகளில் அல்லது ஓரிரு நிமிடங்களில் தானே மங்கிவிடுகிறது. காணொளிக்குப் போதாத வேகத்துக்காக, நிலைபேறு என்ற அரிய குணத்தை விட்டுக்கொடுத்தது எனக்கு உடன்பாடில்லை. துடிப்பு லேசரையும் 2008-இன் நிலைபேற்றையும் ஒரே திரையில் சேர்த்திருந்தால் மருத்துவமனைக்கு அது பெரிதும் பயன்பட்டிருக்கும்.

இரண்டுக்கும் பொதுவான குறைகளும் உண்டு. ஆழம் பெரும்பாலும் இடவலமாக நகரும்போது மட்டுமே மாறித் தெரிகிறது. மேலும் கீழும் பார்க்கும் வசதி தனியான செயல்விளக்கமாகவே காட்டப்பட்டது. அதைவிடப் பெரிய தடை மின்னழுத்தம். முடியின் தடிமனே உள்ள படலத்தின் குறுக்கே பல ஆயிரம் வோல்ட் செலுத்த வேண்டியிருப்பதால், பரப்பில் எங்கோ ஒரு சிறு குமிழி இருந்தாலும் அவ்விடத்தில் மின்முறிவு நேரலாம். பரப்பு கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும்.